பொதிகைச் சரிவின் மஞ்சள் ஆர்க்கிட்

பாபியோபெடிலம் என்ற ஆர்க்கிட் பேரினத்தில் ஏறத்தாழ நூறு இனங்கள் உண்டு. தென் சீனா, வியட்நாம், தாய்லாந்து, போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ், நியூ கினி, கிழக்கே சாலமன் தீவுகள் வரை அவை பரவிக் கிடக்கின்றன. இந்தியாவில் கிழக்கு இமயச் சரிவிலும் மேகாலயா, மணிப்பூர், மிசோரம், அருணாசலப் பிரதேச மலைகளிலும் சில இனங்கள் வளர்கின்றன. அங்கிருந்து தெற்கு நோக்கி வந்தால் ஒடிசா மலைகளில் இல்லை, கிழக்குத் தொடர்ச்சி மலையில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மகாராஷ்டிரப் பகுதி, கர்நாடகப் பகுதி, நீலகிரி, ஆனைமலை, பழனிமலை எதிலும் இல்லை. கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனாலும் இல்லை. ஆனால், வடகிழக்கிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தீபகற்பத்தின் தென்முனையில், தாமிரபரணி பிறக்கும் பொதிகை எனும் அகத்தியமலைத் தொகுதியில் மட்டும் ஒரே ஓர் இனம் இருக்கிறது. உலகில் வேறு எந்தக் காட்டிலும் அது இல்லை.

அதன் அறிவியல் பெயர் பாபியோபெடிலம் ட்ரூரியை. இந்த அத்தியாயத்தில் சுருக்கமாக ட்ரூரி ஆர்க்கிட் என்று சொல்லிக்கொள்வோம். ஹீபர் ட்ரூரி சென்னை ராணுவத்தில் கர்னலாக இருந்தவர். இந்தியாவின் பயன்தரும் தாவரங்களைப் பற்றி 1858-ல் ஒரு நூல் எழுதினார். 1864 முதல் இந்தியத் தாவரங்களுக்கான கையேட்டை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். 1860களில் திருவிதாங்கூர் மலையில் அவர் கண்ட இந்தச் செடிக்கு முறையான விளக்கம் எழுதிப் பெயர் சூட்டியவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். ஆண்டு 1874. அன்றைய வகைப்பாட்டின்படி அதைச் சிப்ரிபீடியம் பேரினத்தில் சேர்த்தார். 1892-ல்தான் அது இன்றைய பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பெட்டோம் சென்னை மாகாண வனத்துறையின் தலைவர். பாம்பு, தவளை, பெரணி என்று கண்ணில் பட்ட எதையும் விடாமல் பதிவுசெய்த மனிதர். திருப்பதி மலையில் மட்டும் வளரும் சைகஸ் மரம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் முதன்முறையாகத் தாவரங்களைச் சேர்த்தபோது இடம்பெற்றவை ஆறே ஆறு. அவற்றில் ஒன்று அந்தச் சைகஸ். இன்னொன்று பாபியோபெடிலம் பேரினம் முழுவதும்.

செடியைப் பார்ப்போம். வார் போன்ற, விறைப்பான, வெளிர்பச்சை இலைகள். புள்ளியோ கோலமோ கிடையாது. இலைக்கொத்தின் நடுவிலிருந்து மயிரடர்ந்த காம்பு ஒன்று எழும்பி, உச்சியில் பெரும்பாலும் ஒரே ஒரு பூவைத் தாங்கும். பூவின் அகலம் ஏழெட்டு சென்டிமீட்டர். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். நிமிர்ந்து நிற்கும் மேல் இதழிலும் இருபுறமும் நீளும் இதழ்களிலும் நட்டநடுவே கருஞ்சிவப்பும் பழுப்புமாக ஒரு தடித்த கோடு ஓடுகிறது. இந்தக் கோடுதான் அடையாளம். ஒருமுறை படத்தில் பார்த்தவர்கூட இன்னொன்றோடு குழப்பிக்கொள்ள மாட்டார். முன்னால் தேன் நிறத்தில் ஒரு பை துருத்திக்கொண்டிருக்கும். மற்ற இனங்கள் பலவற்றில் இலைக்கொத்துகள் நெருக்கி முளைத்துக் குத்தாக நிற்கும். ட்ரூரி ஆர்க்கிட் அப்படியல்ல. அதன் மட்டத்தண்டு மண்ணை ஒட்டி ஊர்ந்து, ஒரு கொத்திலிருந்து விலகிப் போய் அடுத்த கொத்தை எழுப்புகிறது. ஒரு சரிவில் பத்துக் கொத்து தெரிந்தால் அது பத்துச் செடியா, ஒரே செடியின் பத்துத் தலையா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கணக்கெடுப்புக்கு வருகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி.

ஆர்க்கிட் என்றதும் நம் மனத்தில் எழுவது ஈரம் சொட்டும் சோலையும், பாசி படர்ந்த கிளையும், அதில் தொற்றிக்கொண்டிருக்கும் செடியும்தான். ட்ரூரி ஆர்க்கிட் வாழ்வது அதற்கு நேர்மாறான இடத்தில். கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல், மரங்கள் குட்டையாகி மடிப்புகளுக்குள் ஒதுங்கிவிடும் உயரத்தில், புல் மூடிய பாறைச் சரிவுதான் அதன் வீடு. அகத்தியமலையின் சிகரம் 1,868 மீட்டர். ஆக, இந்தச் செடி வாழத்தக்க உயரமே மலையின் தலைப்பக்கத்தில் ஒரு சிறு பட்டைதான். அதிலும் காட்டை விலக்கி, செங்குத்துப் பாறையை விலக்கி, மண் அரித்துப்போன இடத்தை விலக்கினால் மிஞ்சுவது மிகச் சொற்பம்.

அந்தச் சரிவில் பாறைதான் பெரும்பான்மை. வெடிப்புகளில் ஆண்டாண்டாய் மக்கிய புல்லும் மணலும் சேர்ந்து சாண் ஆழத்துக்கு ஒரு கருப்பு மண் படிந்திருக்கும். ஆர்க்கிட்டின் தடித்த வேர்கள் அதற்குள் நுழைந்து பாறையைப் பிடித்துக்கொள்கின்றன. தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும்போது தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். வடகிழக்குப் பருவமழையும் இந்த மலைக்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடகோடியில் ஏழெட்டு மாதம் நீளும் வறட்சி, இங்கே இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடுவதற்கு இந்த இரட்டை மழையே காரணம். வறண்ட மாதங்களிலும் மேகம் வந்து சரிவைத் தொட்டுப் போகும். தலைமேல் நேர்வெயில், காலடியில் புல்லின் நிழலும் ஈரமும். காட்டுக்குள் கொண்டுபோய் நட்டால் இந்தச் செடிக்கு வெளிச்சம் போதாது. வெறும் பாறையில் வைத்தால் வேர் வெந்துவிடும். புல் இருந்தால்தான் இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கிடைக்கிறது.

தென்னிந்திய மலைப் புல்வெளிகளைப் பற்றி நமக்கு நெடுநாளாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மரம் இல்லாவிட்டால் அது தரிசு, யாரோ காட்டை அழித்ததால் வந்தது என்ற எண்ணம். வெள்ளைக்காரர் காலத்து வனத்துறை நீலகிரியிலும் பழனிமலையிலும் புல்வெளிகளில் சீகையும் யூக்கலிப்டசும் நட்டதற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. நீலகிரிச் சதுப்புகளில் படிந்திருக்கும் கரிமண்ணைத் தோண்டி, அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை அளந்து ஆர். சுகுமாரும் சகாக்களும் 1993-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெப்பமண்டலப் புற்களும் மரங்களும் ஒளிச்சேர்க்கையில் வெவ்வேறு வழியைப் பின்பற்றுவதால் அவை மட்கிய மண்ணில் கார்பன்-13-ன் அளவு வேறுபடும். அதை வைத்துப் பார்த்தால் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியூழியின் உச்சத்தில், அந்த மலைகளில் புல்லே ஓங்கியிருந்தது தெரிகிறது. கோடரி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே புல் அங்கே இருந்திருக்கிறது. அகத்தியமலைக்குச் சீகைத் தோட்டம் வராமல் போனது நம் அதிர்ஷ்டம். ஆனால் ‘மரம் நடுவோம்’ என்று ஆர்வத்தோடு மலையேறுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னமும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

இனி அந்தப் பைக்கு வருவோம். ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை தேன் கொடுத்தோ, கொடுப்பதாக ஏமாற்றியோ பூச்சியை அழைத்து, முதுகில் மகரந்த மூட்டையை ஒட்டி அனுப்பிவிடும். இந்தப் பேரினமும் இதன் உறவினங்களும் பூச்சியைச் சிறைபிடித்து ஒரே வழியில் வெளியேற்றுகின்றன. பையின் வாய் அகலம். சில இனங்களில் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும். உள்ளே விழுந்த பூச்சி வந்த வழியே ஏறிவர முடியாது. பின்சுவரில் மட்டும் படிபோல மயிர்கள் இருக்கும். அதைப் பிடித்து ஏறினால் பூவின் அடிப்பகுதியில் இடமும் வலமுமாக இரண்டு குறுகிய துளைகள். துளையை அடையுமுன் பூச்சியின் முதுகு முதலில் சூல்முடியின் கீழ் உராய்ந்தாக வேண்டும்; அதன்பிறகே துளையின் ஓரத்தில் இருக்கும் மகரந்தப்பையில் உராயும். வேறொரு பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தம் முதலில் சூல்முடியில் இறங்குகிறது. இந்தப் பூவின் மகரந்தம் அதற்கடுத்து முதுகில் பிசினாய் ஒட்டுகிறது. வரிசை மாறினால் தன்மகரந்தச் சேர்க்கையாகிவிடும். வரிசை மாற வழியில்லாதபடி பூ கட்டப்பட்டிருக்கிறது.

டார்வினே இதில் முதலில் சறுக்கினார். 1862-ல் ஆர்க்கிட்டுகளின் மகரந்தச் சேர்க்கையைப் பற்றி அவர் எழுதிய நூலில், பூச்சி வெளியிலிருந்து அந்தச் சிறு துளைகள் வழியே உறிஞ்சுகுழலை நீட்டும் என்று கருதியிருந்தார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே அங்குள்ள உறவினங்களைப் பார்த்துவிட்டு, பூச்சி பெரிய வாய் வழியே உள்ளே போய்ச் சிறிய துளை வழியே வெளியே வரவேண்டும் என்று சொன்னார். டார்வின் சோதித்துப் பார்த்தார். பூவுக்குள் முதலில் ஈக்களை விட்டார், பலன் இல்லை. பிறகு ஆண்ட்ரீனா என்ற மிகச் சிறிய தேனீயை விட்டார். அது உள்ளே அலைந்து, துளை வழியே நெருக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அதன் முதுகெல்லாம் மகரந்தம். திரும்பத் திரும்ப விட்டும் அதே முடிவு. கிரே சொன்னதே சரி என்று அடுத்த பதிப்பில் எழுதினார்.

பாபியோபெடிலம் பேரினத்தில் கூர்ந்து ஆராயப்பட்ட பல இனங்களுக்கு வரும் விருந்தாளி தேனீ அல்ல, மலர் ஈ. உடம்பில் மஞ்சளும் கருப்பும் பட்டை போட்டுக்கொண்டு, காற்றில் ஒரே இடத்தில் நின்றபடி சிறகடிக்குமே, அது. பூக்களில் தேனும் மகரந்தமும் தின்னும் இந்த ஈக்களில் பலவற்றின் புழுக்கள் அசுவினிகளைத் தின்று வளர்பவை. எனவே தாய் ஈ அசுவினி மொய்க்கும் இடமாகத் தேடி முட்டையிடும். போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் ஓர் இனத்தின் பூவில், நடுவே இருக்கும் மலட்டு மகரந்தத்தாள் அசுவினிக் கூட்டம்போலத் தோன்றி இந்தத் தாய் ஈக்களை ஏமாற்றுகிறது. முட்டையிட இறங்கும் ஈ வழுக்கிப் பைக்குள் விழுகிறது. பூவில் தேனும் இல்லை, குஞ்சுக்கு இரையும் இல்லை. ஏமாறுவதற்கு ஈ வேண்டும். ஈ இருக்க அசுவினி வேண்டும். அசுவினி இருக்கச் சாறுள்ள செடிகள் சுற்றிலும் வேண்டும். ஆர்க்கிட் தன் செலவில் எதையும் வளர்ப்பதில்லை. சரிவில் மற்றவர்கள் நடத்தும் குடித்தனத்தை நம்பியே அதன் பிழைப்பு நடக்கிறது.

காய் முற்றி வெடித்தால் ஆயிரக்கணக்கில் விதை பறக்கும். மூக்குப்பொடியைக் கையில் தட்டிப் பார்த்திருப்பவர்களுக்கு அந்த விதையின் பருமன் புரியும். நெல்லிலும் அவரையிலும் உள்ள சேமிப்பு உணவு இதில் துளியும் இல்லை. தாய் கொடுத்தனுப்பியது சில செல்களும் ஒரு மெல்லிய உறையும் மட்டுமே. மண்ணில் விழுந்த விதைக்குள் பொருத்தமான பூஞ்சை நுழைந்தால், அந்தப் பூஞ்சை மக்கிலிருந்து எடுக்கும் சர்க்கரையைக் கறந்து விதை முளைக்கும். நுழையாவிட்டால் அவ்வளவுதான். இதை 1899-ல் கண்டுபிடித்தவர் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர். அதற்கு முன் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் ஆர்க்கிட் விதையைத் தாய்ச்செடியின் காலடியில் தூவிவிட்டுக் கடவுளை வேண்டிக்கொண்டிருந்தார்கள். சில முளைக்கும், பெரும்பாலும் முளைக்காது. தாய்ச்செடியின் வேரிலேயே பூஞ்சை இருந்ததுதான் முளைத்தவற்றின் இரகசியம். 1922-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன் பூஞ்சையை ஒதுக்கிவிட்டு, சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகார் கூழில் நேரடியாக விதையை முளைக்க வைத்தார். இன்றைக்கு உலகின் ஆர்க்கிட் வியாபாரம் நிற்பது அந்தக் குடுவையின் மீது.

இத்தனை தூரம் தள்ளி இந்தச் செடி எப்படி வந்தது என்ற கேள்வி தாவரவியலாளர்களை விட்டபாடில்லை. விதை இலேசானது, காற்றில் வந்திருக்கலாம் என்பது எளிய விடை. அப்படியானால் நடுவில் உள்ள மலைகளிலும் விழுந்திருக்க வேண்டுமே. தென் மலைகளில் இப்படித் துண்டிக்கப்பட்ட உறவுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீபகற்பத்துக்குச் சொந்தமான ஒரே கூம்பு மரமான நாகீயா வாலிச்சியானா இதே தென்கோடிக் காடுகளில் இருக்கிறது. அதன் சொந்தபந்தம் வடகிழக்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கிறது. நீலகிரியின் ரோடோடென்ட்ரானுக்கு உறவு இமயத்தில். மீன்களை ஆராய்ந்த சுந்தர் லால் ஹோரா 1940களில் ஒரு யோசனை சொன்னார்: வடகிழக்கு மலைகளிலிருந்து விந்திய–சாத்பூரா மலைகள் வழியாக ஒரு காலத்தில் ஈரமான தொடர்பாதை இருந்தது, உயிர்கள் அதன் வழியே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்தன என்று. மீன்களுக்கு அந்தப் பாதை வேண்டியிருந்தது. ஆர்க்கிட்டுக்கு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்த இரண்டையும் விட ஒரு மூன்றாவது விடை பிடிக்கும்: குளிர்ந்த காலங்களில் உறவினங்கள் நடுமலைகளிலும் இருந்தன, வெப்பமும் வறட்சியும் வந்தபோது ஒவ்வோர் இடமாக அழிந்தன. இரட்டை மழையும் குறுகிய கோடையும் உள்ள தென்முனை மட்டும் தாங்கியது. இந்தப் பார்வையில் ட்ரூரி ஆர்க்கிட் வந்தேறி அல்ல, கடைசியாக மிஞ்சியது.

மிஞ்சியதையும் மனிதர்கள் விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஆர்க்கிட் பித்து தலைக்கேறியிருந்தது. வடகிழக்கு இமயத்தைச் சேர்ந்த பாபியோபெடிலம் பேரியானம் 1857-ல் அங்கே போய்ச் சேர்ந்து, மெல்ல மெல்லப் பண்ணைகளில் அற்றுப்போனது. காட்டில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சாண்டர் என்ற ஆர்க்கிட் வணிகர் அதைக் கண்டுபிடிப்பவருக்கு 1,000 பவுன் பரிசு அறிவித்தார். 1905 வாக்கில் பூட்டான் பக்கத்தில் கிடைத்தது. பரிசுச் செய்தியே அந்தச் செடிக்கு எமனாக முடியும் என்பதை அக்காலத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ட்ரூரி ஆர்க்கிட்டும் இதேபோல நெடுங்காலம் கண்ணில் படாமல், அழிந்தேபோனது என்று கருதப்பட்டு, 1970களில் மறுபடி தென்பட்டது. தென்பட்டதும் சேகரிப்பவர்கள் மலையேறினார்கள். ஊர்ந்து செல்லும் மட்டத்தண்டைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் பல கொத்துகள் கையோடு வந்துவிடும். பாறை வெடிப்பில் சாண் மண்ணில் நிற்கும் செடியைப் பிடுங்க மண்வெட்டிகூடத் தேவையில்லை.

1989-ல் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் இந்தப் பேரினம் முழுவதையும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தபின் வெளிப்படை வணிகம் குறைந்தது, ஆசை குறையவில்லை. வியட்நாமில் 1999-ல் புதிய இனமாகப் பெயர் பெற்ற பாபியோபெடிலம் வியட்நாமென்ஸ் சில ஆண்டுகளுக்குள் காட்டிலிருந்து ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. அதனால்தான் இப்போது ஆய்வாளர்கள் இடத்தின் பெயரைக் கட்டுரைகளில் தவிர்க்கிறார்கள். இந்த நூலிலும் எந்தச் சரிவு, எந்தப் பாதை என்ற விவரம் இராது.

விந்தை என்னவென்றால், ட்ரூரி ஆர்க்கிட் ஓர் உயிரினமாக உலகிலிருந்து மறைந்துவிடும் ஆபத்து பெரிதாக இல்லை. வெளிநாட்டுக் கண்ணாடி வீடுகளில் அது பூக்கிறது. மஞ்சள் நிறத்துக்காகக் கலப்பினங்களுக்குப் பெற்றோராகவும் ஆகியிருக்கிறது. அங்கே பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள்; விதையைச் சர்க்கரைக் கூழில் முளைக்க வைக்கிறார்கள்; கிருமி வந்தால் மருந்து தெளிக்கிறார்கள். ஈயின் வேலையையும் பூஞ்சையின் வேலையையும் மனிதன் எடுத்துக்கொண்டான். சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்று குறிக்கப்பட்டிருப்பது மலையில் எஞ்சியிருப்பதை வைத்து.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில், அகத்தியமலையின் மேற்கடிவாரத்தில், 1979-ல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இந்த இனத்தை ஆய்வகத்தில் பெருக்கி மலையில் மீண்டும் நடும் வேலையை எடுத்துக்கொண்டது. எளிய வேலை அல்ல. ஜார்ஜ் மோரெல் 1960-ல் சிம்பிடியம் ஆர்க்கிட்டின் நுனிக்குருத்திலிருந்து ஆயிரக்கணக்கான நகல்களை உருவாக்கும் வழியைக் காட்டியபின் ஆர்க்கிட் விலை சரிந்தது. பாபியோபெடிலம் மட்டும் அந்த வித்தைக்கு எளிதில் வசப்படவில்லை. விதையிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்கவேண்டும். முளைத்து, குடுவை மாறி, தொட்டிக்கு வந்து, பூக்க ஆண்டுகள் பிடிக்கும். கூழில் வளர்ந்த நாற்றின் வேர் காட்டுப் பூஞ்சையைப் பார்த்தே இராது. அதைக் கொண்டுபோய்ப் பாறை வெடிப்பில் வைத்தால் முதல் கோடையைத் தாண்டுவதே பெரும்பாடு.

கோடை என்றால் தீயும் வரும். வறண்ட மாதங்களில் மலைப்புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். புல்லின் வளர்முனை தரையோடு இருப்பதால் எரிந்தாலும் அடுத்த மழையில் துளிர்த்துவிடும். மக்கு மண்ணில் மேலாகக் கிடக்கும் ஆர்க்கிட் தண்டுக்கு அந்த வசதி இல்லை. மண்ணே புகைந்து எரிந்தால் வேரும் போய்விடும். ஆனால் தீயே அண்டாமல் நெடுங்காலம் விட்டால் புல் முதிர்ந்து, புதரும், நாணல்போன்ற குட்டை மூங்கிலும் ஏறிவந்து வெளிச்சத்தை மறைக்கும். எப்போது, எவ்வளவு, எந்த ஓரத்தில் எரியலாம் என்பதைச் சரிவு சரிவாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் களக்காடு–முண்டந்துறைப் பக்கமும், கேரளப் பக்கத்துச் சரணாலயங்களும் சேர்ந்து இந்த மலையைக் காக்கின்றன. 2016-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளப் பட்டியலிலும் அகத்தியமலை சேர்ந்தது. ஆனால் புலிக்கும் யானைக்கும் எழுதப்படும் திட்டத்தில், சிகரத்துக்குக் கீழே சில ஏக்கர் புல்லுக்கான பத்தி பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்.

நட்ட செடி பிழைத்ததா என்று பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகப் பூவை எண்ணுவார்கள். பூ வருவது செடியின் பழைய சேமிப்பாலும் நடக்கும். குடுவையில் ஊட்டிய சத்தே சில ஆண்டுக்குத் தாங்கும். அதைவிடக் காயை எண்ணுவது பயனுள்ளது. காய் இருந்தால் ஈ வந்து போயிருக்கிறது. காயையும் தாண்டி, நட்ட இடத்திலிருந்து நாலு முழம் தள்ளி, மட்டத்தண்டின் தொடர்பில்லாமல், நகத்தளவு இலையோடு ஒரு நாற்று தானாக முளைத்திருந்தால் மண்ணில் பூஞ்சையும் இருக்கிறது. அந்த நாற்றைத் தேட முழங்காலில் ஊர்ந்து புல்லை விலக்கிப் பார்க்கவேண்டும். அது பூக்கும் வரை, ஆண்டு தவறாமல், அதே சரிவுக்குத் திரும்ப ஏற ஆளும் அனுமதியும் பணமும் இருக்கவேண்டும்.